காலறிந்து துடுப்பு அணிவோம்

செஞ்சிக்குக் கடல் இல்லை. ராஜகிரி உச்சியில் நின்று பார்த்தாலும் கண்ணுக்கெட்டுவது பாறைகளும் வயல்களும்தான். ஆனால், ஏறத்தாழ 70 கி.மீ. தொலைவிலுள்ள புதுச்சேரியில் ஸ்கூபா பயிற்சி கிடைப்பதால், கடலுக்கடியில் இறங்கிப் பார்க்கும் ஆசை இப்பகுதி இளைஞர்களுக்கும் வாய்த்திருக்கிறது. அங்கே பழகிய ஒருவர் படிப்புக்காகவோ வேலைக்காகவோ கனடாவுக்கோ நார்வேக்கோ செல்லும்போது, இங்கு வாங்கிய கால் துடுப்பே (ஃபின்) அங்கும் போதும் என்று எண்ணுவது இயல்பு. ஆனால், குளிர்நீரின் கணக்கு வேறு.

தமிழர்களுக்கு மூழ்குதல் புதிதல்ல. மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்கள், கயிற்றில் கட்டிய கல்லில் காலை ஊன்றி ஆழத்துக்கு இறங்கினர்; மேலே வர, படகிலிருந்தவர்கள் கயிற்றை இழுத்தனர். வெதுவெதுப்பான அந்தக் கடலில் கனத்த உடைக்குத் தேவை எழவில்லை. பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி லூயி டி கொர்லியூ 1933-இல் காப்புரிமை பெற்ற கால் துடுப்புதான் இன்றைய துடுப்புகளின் முன்னோடி. குளிர்ந்த கடலில் மூழ்கும் தென்கொரியாவின் ஜெஜு தீவுப் பெண்களுக்கோ, 1970-களில் வந்த ரப்பர் உடையே நீருக்குள் நீண்ட நேரம் இருக்க வழி செய்தது.

காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக நீர் வெப்பத்தைக் கடத்துகிறது. புதுச்சேரிக் கடலின் வெப்பநிலை பெரும்பாலும் 25 டிகிரி செல்சியஸுக்கு மேலேயே இருக்கும். குளிர்நாட்டு ஆழமான ஏரிகளின் அடியிலோ கோடையில்கூட 4 டிகிரி அளவில்தான் நீர் இருக்கும். நன்னீர் அந்த வெப்பநிலையில்தான் மிகுந்த அடர்த்தி பெற்று அடியில் தங்குகிறது. குளிர் தாக்கும்போது உடல், உள்ளுறுப்புகளைக் காக்கும் பொருட்டுக் கை, கால்களுக்குச் செல்லும் இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. அந்நிலையில் துடுப்பும் இறுக்கினால் விரல்கள் மரத்துப்போகும். கெண்டைக்காலில் தசைப்பிடிப்பு ஏற்படும். வலியோடு உதைப்பவர் வேகமாக மூச்சு வாங்குவார். உருளையிலுள்ள காற்று விரைவில் தீரும். எனவே, காலின் சௌகரியம் என்பது ஆடம்பரமன்று. அது பாதுகாப்பின் ஒரு பகுதி.

துடுப்புகள் பொதுவாக இரு வகை. வெறுங்காலில் செருப்பைப்போல நுழைத்துக்கொள்ளும் மூடிய குதிகால் வகை, நமது கடலுக்கு ஏற்றது. குதிகால் திறந்து, பின்னால் வார் கொண்ட வகை, குளிர்நீருக்கு ஏற்றது. இதனுள் 5 முதல் 7 மில்லிமீட்டர் தடிமனுள்ள நியோபிரீன் காலணியை அணியலாம். ஆகவே, முதலில் காலணியை வாங்கி, அதை அணிந்துகொண்டே துடுப்பின் அளவைப் பார்க்க வேண்டும். பத்து நிமிடமாவது போட்டிருந்து பாருங்கள்: விரல்களை அசைக்க முடிய வேண்டும், மேற்பாதத்தில் அழுத்தம் கூடாது, உதைக்கும்போது கால் உள்ளே ஆடவும் கூடாது.

ஆழத்தின் அழுத்தத்தில் நியோபிரீன் சுருங்குவதால், மேலே சரியாக இருந்த பிடி கீழே தளரும். சுருள்கம்பி வார் அத்தளர்வைத் தானே ஈடுசெய்யும். கையுறை அணிந்த விரல்களாலும் அதை எளிதில் மாட்டலாம். நீளமும் விறைப்பும் மிகுந்த துடுப்பு உந்துவிசை தரும் என்றாலும், பழகாத காலுக்கு அது சுமை. தொடக்கநிலையில் நடுத்தர விறைப்பே நலம். நீர் புகாத டிரைசூட் அணிவோருக்குக் காற்று கால்பக்கம் சேர்ந்து பாதங்களை மேலே தூக்கும். அவர்களுக்குச் சற்றே கனமான ரப்பர் துடுப்பு உதவும்.

பொருளியல் படித்தவனாக இதில் இரண்டு பாடங்களைக் காண்கிறேன். முதலாவது, செலவழித்துவிட்ட பணம் திரும்பாது. 'வாங்கியாயிற்றே' என்பதற்காகப் பொருந்தாத துடுப்போடு குளிர்நீரில் இறங்குவது, போன பணத்துக்காக உடலைப் பணயம் வைப்பதாகும். அடிக்கடி மூழ்காதவர், பயிற்சி நிலையத்தில் தனக்கேற்ற அளவை வாடகைக்குப் பெறுவதே சிக்கனம்.

இரண்டாவது பாடம் நம் ஊருக்கும் உரியது. வாங்குபவர் ஒருவர், அணிபவர் வேறொருவர் என்றால், விலை முந்திக்கொள்ளும், சௌகரியம் பின்தங்கும். கிணறுகளிலும், ஆழமான கல்குவாரிக் குட்டைகளிலும் மூழ்கியவர்களைத் தேடி இறங்குவோர் தீயணைப்பு, மீட்புப் பணி வீரர்களே. அத்தகைய குட்டைகளில் மேல்நீர் வெதுவெதுப்பாக இருந்தாலும் அடிநீர் குளிர்ந்திருக்கக்கூடும். மீட்புப் பணிக்கான துடுப்புகளை ஒரே அளவில், குறைந்த ஒப்பந்தப்புள்ளிக்கு மொத்தமாக வாங்கினால், சேமிப்பு கோப்பில் பதிவாகும். வலி வீரரின் காலில் பதிவாகும். பல அளவுகள், உரிய காலணி, அணிந்து பார்த்தபின் ஏற்பு ஆகிய மூன்றையும் கொள்முதல் நிபந்தனைகளில் சேர்ப்பதற்குப் பெருஞ்செலவு ஆகாது.

பிறர் உயிரைக் காக்க நீரில் இறங்குபவரின் காலுக்குப் பொருந்தும் துடுப்பு, அவருக்கு நாம் செய்யும் சலுகையன்று, நமது கடமை.