தொண்டைக்குள் தங்கும் பால்வினைத் தொற்று: சந்தேகங்களும் விளக்கங்களும்

பால்வினை நோய் என்றதும் யாருக்கும் தொண்டை நினைவுக்கு வருவதில்லை. நோயாளி சொல்வதில்லை, பல நேரம் மருத்துவரும் கேட்பதில்லை. சிறுநீரைச் சோதித்து, ஒன்றுமில்லை என்ற காகிதத்தை வாங்கிக்கொண்டு நிம்மதியாக வீடு திரும்புகிறவரின் தொண்டையில் கிருமி அப்படியே இருக்கலாம். கூச்சத்தால் கேட்காமலே போகிற சந்தேகங்கள் இவை. கோரிமேட்டில் ஜிப்மரும் ஊருக்கு நடுவே ஜி.எச்.சும் இருக்கிற புதுச்சேரியில், கேட்க வெட்கப்பட்டு ஒருவர் நோயைச் சுமந்து திரிய வேண்டியதில்லை. அதனால் வெளிப்படையாகவே எழுதுகிறேன்.

பிறப்புறுப்பில் வருகிற நோய் தொண்டைக்கு எப்படிப் போகும்?

வாய்வழி உறவின் மூலம். கொனோரியாக் கிருமிக்கு வேண்டியது ஈரமான உட்சவ்வு. கிராமத்தில் 'வெட்டை' என்பார்களே, அந்த நோய்தான் இது. சிறுநீர்க்குழாய், கருப்பை வாய், ஆசனவாய், கண், தொண்டை என்று அந்தச் சவ்வு உடம்பில் பல இடங்களில் இருக்கிறது. ஆணா பெண்ணா, திருமணம் ஆனவரா ஆகாதவரா என்பதெல்லாம் கிருமிக்குக் கணக்கில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2020-ம் ஆண்டில் மட்டும் 8 கோடியே 20 லட்சம் பேருக்குப் புதிதாகக் கொனோரியா தொற்றியது.

கிளமிடியாவும் தொண்டைக்கு வரும், ஆனால் குறைவு. சிபிலிஸ் வாயிலோ உதட்டிலோ நாக்கிலோ வலியில்லாத ஒரு புண்ணாகத் தொடங்கலாம். ஹெர்பிஸ், எச்.பி.வி. என்ற இரண்டு வைரஸ்களும் இதே வழியில் வருபவை. எச்.ஐ.வி. வாய்வழி உறவில் பரவுவது மிக மிக அரிது. ஆனாலும் அறவே இல்லை என்று சொல்ல முடியாது.

நாலு நாளாகத் தொண்டை வலிக்கிறது. அதுவாக இருக்குமோ?

பெரும்பாலும் இருக்காது. தொண்டை வலிக்குப் பெருங்காரணம் சாதாரண சளிக்காய்ச்சல் வைரஸ்கள்தான். தொண்டையில் தங்கும் கொனோரியாவோ பத்தில் ஒன்பது பேருக்கு எந்தத் தொந்தரவும் தருவதில்லை. மீதிப் பேருக்கு லேசான கரகரப்பு, கழுத்தில் நெறி கட்டுவது போன்றவை இருக்கலாம். டார்ச் அடித்துப் பார்த்து எந்த மருத்துவராலும் 'இது அதுதான்' என்று சொல்ல முடியாது. ஆகவே வலி இருப்பதால் பயந்துவிடவும் வேண்டாம், வலி இல்லாததால் தப்பித்தோம் என்று நினைக்கவும் வேண்டாம். பரிசோதனை தேவையா என்பதை முடிவுசெய்வது, நடந்த உறவு என்ன என்பதுதான்.

அறிகுறிக்காகக் காத்திராமல் தேடிப் பார்த்ததால் கிடைத்த பலனுக்கு நம் பக்கத்திலேயே பெரிய உதாரணம் உண்டு. 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் நிர்மலா என்ற மாணவி, நோயின் சுவடே தெரியாத பெண்களிடம் ரத்த மாதிரி சேகரித்தார். வேலூர் சி.எம்.சி.யில் அவற்றைச் சோதித்தபோதுதான் இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்பதே தெரியவந்தது.

சில அறிகுறிகளைத் தள்ளிப்போடக் கூடாது. வாயில் வலியில்லாத புண் இருந்தால், அதோடு உள்ளங்கை உள்ளங்காலில் தடிப்பும் வந்தால், சிபிலிஸுக்கு ரத்தம் சோதிக்க வேண்டும். புண் தானாக ஆறிவிடும். ஆனால் நோய் போயிருக்காது. உடம்புக்குள் ஆண்டுக்கணக்கில் பதுங்கி, பின்னாளில் மூளையையும் இதயத்தையும் தாக்கும்.

சிறுநீர், ரத்தம் இரண்டும் பார்த்தாயிற்று, நார்மல். போதாதா?

போதாது. வாசகர்கள் இந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டாலும் எனக்குத் திருப்தி. சிறுநீரைச் சோதித்தால் சிறுநீர்க்குழாயில் கிருமி இருக்கிறதா என்றுதான் தெரியும். ரத்தத்தில் சிபிலிஸ், எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை வைரஸ்கள் தெரியும். கொனோரியாவும் கிளமிடியாவும் தெரியாது. தொண்டையில் இருப்பதைக் கண்டுபிடிக்கத் தொண்டையிலிருந்தே மாதிரி எடுத்தாக வேண்டும்.

கொரோனா காலத்தில் எல்லாரும் பார்த்த அதே பஞ்சுக் குச்சிதான். உள்நாக்கின் இருபுறமும் தொண்டையின் பின்சுவரிலும் தடவி எடுத்து, பி.சி.ஆர். முறையில் கிருமியின் மரபணுவைத் தேடுவார்கள். ஒரு நொடி குமட்டும், அவ்வளவுதான். ஆண்களின் சீழைக் கண்ணாடித் தகட்டில் தடவி நுண்நோக்கியில் பார்க்கும் பழைய முறை தொண்டைக்குச் சரிவராது. கொனோரியாக் கிருமியைப் போலவே தோற்றமளிக்கும், தீங்கு செய்யாத உறவுக்காரக் கிருமிகள் எல்லார் தொண்டையிலும் குடியிருக்கின்றன. எது எது என்று பிரித்தறிய முடியாது.

எத்தனை நாள் கழித்துச் சோதிக்க வேண்டும்?

மறுநாளே ஓடினால் பலனில்லை. கொனோரியா, கிளமிடியாவுக்கு 2 வாரம் கழித்துத் தொண்டை மாதிரி கொடுத்தால் முடிவை நம்பலாம். சிபிலிஸுக்கு வி.டி.ஆர்.எல். போன்ற ரத்தப் பரிசோதனையை ஒரு மாதம் கழித்துச் செய்து, 3 மாதம் நிறைந்ததும் மறுபடி பார்ப்பது நல்லது. அந்தக் கிருமி வெளியே தலைகாட்ட 9 நாளும் ஆகலாம், 90 நாளும் ஆகலாம். எச்.ஐ.வி.க்கு இப்போதுள்ள நான்காம் தலைமுறை ஆய்வகப் பரிசோதனை 45 நாளில் கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லிவிடும். விரல் நுனி ரத்தத்தில் பார்க்கும் விரைவுச் சோதனை என்றால் 3 மாதம்.

இதற்கிடையே பயத்தில் ஏதாவது ஆன்டிபயாடிக் போட்டுவிட்டுச் சோதனைக்குப் போகாதீர்கள். கிருமி அரைகுறையாக அடங்கி, முடிவு தவறாக வரும்.

உறவு கொண்டவருக்கு நோய் உறுதியாகிவிட்டது என்று தெரிந்தால் 2 வாரம் காத்திருக்க வேண்டாம், உடனே மருத்துவரைப் பாருங்கள். பலவந்தம் நடந்திருந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். பாலியல் வன்முறைக்கு ஆளானவருக்கு உடனடி இலவசச் சிகிச்சை தர அரசு, தனியார் என எல்லா மருத்துவமனைகளும் சட்டப்படி கடமைப்பட்டவை.

ஒருவர் ஒருவரோடு மட்டும் வாழ்கிற, இருவருமே சோதித்துக்கொண்ட தம்பதிக்கு இதெல்லாம் வழக்கமாகத் தேவையில்லை. புதிய துணை, ஒன்றுக்கு மேற்பட்ட துணை, ஆணோடு உறவு கொள்ளும் ஆண் என்றால் ஆண்டுக்கு ஒருமுறையாவது தொண்டையையும் சேர்த்துப் பாருங்கள். துணைகள் அடிக்கடி மாறினால் 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை.

புதுச்சேரியில் எங்கே போவது? என்ன சொல்லிக் கேட்பது?

ஜிப்மரில் தோல் மற்றும் பால்வினை நோய்ப் பிரிவு இருக்கிறது. ஜி.எச். என்று எல்லாரும் சொல்லும் இந்திரா காந்தி அரசு பொது மருத்துவமனை, கதிர்காமம் அரசு மருத்துவக் கல்லூரி இரண்டும் ஊருக்குள்ளேயே உள்ளன. எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில் இலவசம். எங்கே போவதென்று குழப்பமாக இருந்தால் 1097 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம்.

போனதும் சுற்றி வளைக்க வேண்டாம். "வாய்வழி உறவு இருந்தது, தொண்டையையும் பரிசோதிக்க வேண்டும்" என்று ஒரே வாக்கியம் சொல்லுங்கள். இதைச் சொல்லாவிட்டால் யாரும் தொண்டையைப் பார்க்கப் போவதில்லை. அரசுத் திட்டத்தில் நீண்ட காலமாக இருப்பது, வந்தவருடைய அறிகுறியை வைத்து மருந்து கொடுக்கும் முறை. சீழ் வடிந்தால் ஒரு பொட்டலம், புண் இருந்தால் வேறொன்று என்று நிறம் பிரித்துத் தருவார்கள். ஆய்வகம் இல்லாத ஊர்களில் லட்சக்கணக்கானோரை அந்த முறை காப்பாற்றியிருக்கிறது. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அறிகுறியே காட்டாத தொண்டைத் தொற்று அந்த வலையில் சிக்காது. தொண்டைக்கான பி.சி.ஆர். சோதனை எல்லா இடத்திலும் உடனே கிடைப்பதில்லை என்பதால், சில சமயம் மருத்துவர் வெளி ஆய்வகத்துக்கு எழுதித் தர நேரும். கட்டணத்தை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டால் ஆகாதா?

கூடவே கூடாது. சிப்ரோஃப்ளாக்சசின் என்ற பழைய மாத்திரை கொனோரியாவிடம் தோற்றுப் பல ஆண்டுகளாகின்றன. அசித்ரோமைசினும் செஃபிக்சிமும் சிறுநீர்க்குழாயில் வேலை செய்கிற அளவுக்குத் தொண்டையில் செய்வதில்லை. மருந்து அந்தத் திசுவுக்குள் போதுமான அளவு போய்ச் சேர்வதில்லை. தொண்டைக்கு இன்று நம்பத்தகுந்த மருந்து, மருத்துவர் போடும் செஃப்ட்ரியாக்சோன் ஊசி ஒன்றுதான்.

அதற்கும் ஆபத்து வந்துவிட்டது. மேலே சொன்ன தீங்கில்லாத உறவுக்காரக் கிருமிகள் ஏற்கனவே பல ஆன்டிபயாடிக்குகளைப் பார்த்துப் பழகியவை. இருமலுக்கும் காய்ச்சலுக்கும் நாம் விழுங்கிய மாத்திரைகளே அவற்றுக்குப் பயிற்சி. மருந்தைத் தாங்கும் மரபணுத் துண்டுகளைக் கொனோரியா அவற்றிடமிருந்து வாங்கிக்கொள்கிறது. அந்தக் கொடுக்கல் வாங்கல் நடக்கும் இடம் தொண்டை. செஃப்ட்ரியாக்சோனுக்கே அடங்காத முதல் கொனோரியாக் கிருமி 2009-ல் ஜப்பானின் கியோட்டோ நகரில் கிடைத்தது, ஒரு பெண்ணின் தொண்டையிலிருந்து.

2018-ல் பிரிட்டனில் இன்னொன்று நடந்தது. தென்கிழக்கு ஆசியாவில் தொற்றுடன் திரும்பிய ஒருவருக்குச் செஃப்ட்ரியாக்சோன் ஊசி போட்டார்கள். சிறுநீர்க்குழாயில் நோய் அடங்கியது. மறுசோதனையில் தொண்டையில் கிருமி உயிரோடு இருந்தது. ஸ்பெக்டினோமைசின் கொடுத்தார்கள், அதற்கும் போகவில்லை. கடைசியில் மருத்துவமனையில் வைத்து எர்டாபெனம் என்ற உயர்ரக மருந்தை 3 நாள் நரம்பு வழியாக ஏற்றிய பிறகே குணமானார். தொண்டையைச் சோதிக்காமல் விட்டிருந்தால் அவர் குணமாகிவிட்டதாகவே எல்லாரும் நம்பியிருப்பார்கள்.

தானாகவே போய்விடுமாமே? மவுத்வாஷ் கொப்பளித்தால்?

தொண்டைக் கொனோரியா பலருக்குச் சில மாதங்களில் தானாக மறைவது உண்மைதான். அதுவரை அவர் அதை மற்றவருக்குக் கொடுத்துக்கொண்டிருப்பார். வாங்கிக்கொண்டவர் பெண்ணாக இருந்தால், கருப்பைக் குழாய் பழுதாகிக் குழந்தைப்பேறே தடைப்படலாம். மவுத்வாஷ் உதவும் என்று ஆஸ்திரேலியாவில் ஒரு நம்பிக்கை எழுந்து, பெரிய அளவில் சோதித்தும் பார்த்தார்கள். 2021-ல் வந்த முடிவு: பலனில்லை.

முத்தத்தில் பரவுமா?

ஹெர்பிஸ் பரவும். உலகில் 50 வயதுக்குட்பட்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு அதன் முதல் வகை இருக்கிறது, பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில் வந்தது. வாயில் சிபிலிஸ் புண் இருந்தால் அதுவும் பரவலாம். ஆழ்ந்த முத்தத்தில் கொனோரியா பரவக்கூடும் என்று மெல்பர்ன் ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ஒரே டம்ளர், ஒரே தட்டு, பொதுக் கழிப்பறை ஆகியவற்றால் கொனோரியாவோ சிபிலிஸோ வராது.

போலீஸ், கேஸ் என்று ஏதாவது ஆகுமா?

ஆகாது. 18 வயது நிறைந்தவர்கள் மனமொப்பித் தனிமையில் கொள்ளும் உறவு எந்த வகையானாலும் குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று தீர்ப்பளித்தது. 2017-ம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டப்படி உங்கள் சம்மதம் இல்லாமல் அந்தப் பரிசோதனை செய்யக் கூடாது. முடிவையும் ரகசியமாக வைத்திருக்க வேண்டும். 18 வயது ஆகாதவர் விஷயம் வேறு. போக்சோ சட்டப்படி மருத்துவர் தகவல் கொடுத்தாக வேண்டும். அதற்கு அஞ்சிப் பிள்ளையின் சிகிச்சையைத் தள்ளிப்போடுவது பெரிய கொடுமை.

தொண்டைப் புற்றுநோய்க்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

கொனோரியாவுக்குச் சம்பந்தமில்லை. எச்.பி.வி. வைரஸின் 16-ம் வகைக்கு உண்டு. ஆனால் நம் நாட்டில் வாய், தொண்டைப் புற்றுநோய்க்கு முதல் காரணம் இன்னும் புகையிலைதான். எச்.பி.வி. தொண்டையில் இருக்கிறதா என்று பார்க்க வழக்கமான பரிசோதனை எதுவும் கிடையாது, தடுப்பூசி உண்டு. புனே சீரம் நிறுவனத்தின் செர்வாவாக் 9 முதல் 26 வயது வரையான பெண்களுக்கும் ஆண்களுக்கும் அனுமதிக்கப்பட்டது.

எனக்கு இருப்பது உறுதியாகிவிட்டது. வீட்டில் சொல்லத்தான் வேண்டுமா?

சொல்ல வேண்டும். கடந்த 2 மாதத்தில் உங்களோடு உறவு கொண்ட எல்லாரும் சோதித்துக்கொள்ள வேண்டும். எப்படிச் சொல்வது என்று தெரியாவிட்டால் துணையை மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள், ஆலோசகர் பக்குவமாகப் பேசுவார். உங்களுக்கு மட்டும் ஊசி போட்டு அவருக்குப் போடாவிட்டால் அடுத்த மாதமே உங்களிடம் திரும்பி வரும். சிகிச்சை முடிந்து 7 நாள் இருவரும் எந்த வகை உறவும் கொள்ளக் கூடாது. ஊசி போட்ட 7 முதல் 14 நாளுக்குள் தொண்டையை மறுபடி சோதித்து, கிருமி போய்விட்டதை உறுதிசெய்ய வேண்டும். 3 மாதம் கழித்து, புதிதாகத் தொற்றியிருக்கிறதா என்று இன்னொரு முறை பாருங்கள். மருத்துவர் சீட்டில் இந்த இரண்டு தேதிகளையும் எழுதித் தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.