மருந்து தொடங்கிய முதல் 2 வாரங்கள்
மாதவிடாய் நிற்கும் பருவத்தில் ஈஸ்ட்ரோஜன் சுரப்பு ஏறி இறங்குவதால் படபடப்பு, திடீர் வியர்வை, தூக்கமின்மை தோன்றலாம். மாமல்லபுரம் கடலோர ஊர்களிலிருந்து செங்கல்பட்டுக்கு வரும் தாய்மார்கள் சிலருக்கு இ.சி.ஜி., தைராய்டு பரிசோதனைகள் சரியாக இருந்தும், பெருநோய் வந்துவிட்டதோ என்ற அச்சம் நீங்குவதில்லை. இது நடிப்பன்று, சிகிச்சையால் தணியக்கூடிய பதற்றநோய்.

இதற்கு உளவியல் ஆலோசனையுடன், தேவைப்படுவோர்க்கு எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின் போன்ற மருந்துகளைக் குறைந்த அளவில் தொடங்குகிறோம். முதல் 2 வாரங்களில் குமட்டல், தலைவலி, சற்றே கூடுதலான படபடப்பு வரலாம். அச்சமுற்ற மனம் இவற்றையே புதிய நோயெனக் கொள்ளும். அதனால் சிலர் மருந்தை நிறுத்திவிடுகின்றனர். இத்தொல்லைகள் பெரும்பாலும் தாமே தணியும். பலன் தெளிவாகத் தெரிய 4 முதல் 6 வாரங்கள் ஆகலாம்.

இம்மருந்துகள் போதைக்கு அடிமையாக்குவதில்லை. ஆயினும் திடீரென நிறுத்தலாகாது. டாமாக்ஸிஃபென் உட்கொள்வோர் முன்னரே எம்மிடம் தெரிவிக்க வேண்டும். அதனோடு சேராத மருந்துகள் சில உள்ளன.

குடும்பத்தார் "எல்லாம் மனப்பிரமை" என்று ஒதுக்காமல், இந்த 2 வாரங்களும் உடனிருங்கள். அமைதியின்மை மிகுந்தாலோ, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தோன்றினாலோ உடனே அழைத்து வாருங்கள். 14416 என்னும் டெலிமானஸ் இலவச எண்ணிலும் எந்நேரமும் பேசலாம்.