செடிக்கு ஏற்ற விளக்கு எது?

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (தாவரவியல்)

புதூர், விளாத்திகுளம் வட்டாரக் கரிசல் ஊர்களில் அம்மன் கோயில் திருவிழாவுக்கு முளைப்பாரி வளர்ப்பதை யாவரும் அறிவோம். இருட்டறையில் வைத்த பயறுகள் வெளிர்மஞ்சள் நிறத்தில் நெடுநெடுவென்று உயர்ந்து நிற்கும். அதே பயறு புஞ்சையில் குட்டையாகவும் பச்சையாகவும் வளரும். காரணம் ஒளியே. இருளில் முளைத்த பயறு, விதையிலுள்ள உணவைச் செலவிட்டு ஒளியைத் தேடித் தண்டை நீட்டுகிறது. அந்தச் சேமிப்பு தீர்ந்தால் அதற்கு வாழ்வில்லை. அறையின் மூலையில் நாம் வைக்கும் தொட்டிச் செடியும் மெல்ல மெல்ல இந்நிலையையே அடைகிறது. அதற்கு எத்தகைய விளக்கு வேண்டும் என்பதைக் காண்போம்.

கண்ணும் இலையும்

நண்பகல் வெயிலின் அளவு ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். இரவில் நாம் படிக்கும் அறையில் இருப்பதோ சில நூறு லக்ஸ்தான். கண் ஒளிக்கேற்பத் தன்னைத் தகவமைத்துக்கொள்வதால் இவ்வளவு பெரிய வேறுபாடு நமக்குத் தெரிவதில்லை. இலைக்கு அந்த வசதி இல்லை. ஆகவே, 'அறை வெளிச்சமாகத்தானே இருக்கிறது' என்ற நம் கணிப்பு செடிக்குப் பொருந்தாது. கைப்பேசியில் லக்ஸ் அளக்கும் செயலியை இலைக்கருகே வைத்துப் பார்த்தால் தோராயமான அளவு தெரியும்.

எந்த நிறம்?

1882-இல் ஜெர்மானிய அறிஞர் ஏங்கல்மான், முப்பட்டகத்தால் பிரித்த ஒளியைப் பச்சைப்பாசி இழைமீது பாய்ச்சினார். ஆக்சிஜனை நாடும் பாக்டீரியாக்கள் சிவப்பும் நீலமும் விழுந்த இடங்களில் திரண்டன. ஒளிச்சேர்க்கை அங்கேதான் மிகுதி என்பது புலனாயிற்று. சிவப்பும் நீலமும் கலந்த 'செடி விளக்குகள்' விற்கப்படுவது இந்த அடிப்படையில்தான். ஆனால் 1972-இல் மெக்ரீ என்பவர் 22 பயிர் வகைகளை ஆராய்ந்து, பச்சை ஒளியும் கணிசமாகப் பயன்படுகிறது எனக் காட்டினார். எனவே கூடுதல் விலை கொடுத்து அந்த விளக்கை வாங்க வேண்டியதில்லை. சாதாரண வெள்ளை எல்.இ.டி. குழல்விளக்கே போதும். குண்டு பல்பு வேண்டாம்; அது மின்சாரத்தின் பெரும்பகுதியை வெப்பமாக்கி இலையைக் கருக்கும்.

தூரமும் நேரமும்

விளக்கு அருகில் இருக்க வேண்டும். சிறிய பல்பாயின் தூரம் இருமடங்கானால் ஒளி கால்பங்காகிவிடும். மணிபிளாண்ட் போன்ற இலை அழகுச் செடிகளுக்கு 20 வாட் குழல்விளக்கு ஒன்றை ஓர் அடி உயரத்தில் கட்டினால் போதும். கீரைக்கும் நாற்றுக்கும் அரையடி உயரத்தில் இரண்டு விளக்குகளாவது வேண்டும். நாளொன்றுக்கு 12 முதல் 14 மணி நேரம் எரிந்தால் போதுமானது. சாமந்தி குறும்பகல் தாவரம். அதற்கு நெடுநேரம் ஒளி கொடுத்தால் பூப்பது தள்ளிப்போகும்.

செலவுக் கணக்கு

20 வாட் விளக்கு ஒன்று நாளுக்கு 14 மணி நேரம் எரிந்தால் மாதத்திற்கு 8.4 யூனிட், இரண்டுக்கு 16.8 யூனிட். இதே நேரம் எரியும் 60 வாட் குண்டு பல்பு ஒன்றுக்கே 25.2 யூனிட் ஆகும். மழையை நம்பிப் பயிரிடும் மானாவாரிக் குடும்பங்களிலிருந்து படிக்க வந்த நம்மில் பலருக்கு இது சிறிய கணக்கன்று. மின்கட்டணம் கட்டுவது நம் பெற்றோர். நம் மண்ணில் மழைக்குத்தான் பஞ்சம், வெயிலுக்குப் பஞ்சமில்லை. முதலில் தொட்டியைச் சன்னலுக்கோ திண்ணைக்கோ மாற்றிப் பார்க்க வேண்டும். கீரையை மொட்டைமாடியில் வளர்ப்பதே அறிவுடைமை. சன்னலே இல்லாத அறைக்கும் ஆய்வுக்கூடத்திற்குமே விளக்கு தேவை.

சூரியனை நம்ப முடியாத இடங்களும் உண்டு. 2024 டிசம்பர் 30 அன்று பி.எஸ்.எல்.வி. சி-60 ஏவூர்தியில் இஸ்ரோ 8 தட்டைப்பயறு விதைகளை ஒரு மூடிய பெட்டியில் விண்வெளிக்கு அனுப்பியது. நான்கே நாட்களில் அவை முளைத்தன; பின்னர் இலையும் விட்டன. அத்தகைய பெட்டிக்குள் வளரும் செடிக்கு ஒளியையும் மனிதனே அளந்து கொடுத்தாக வேண்டும். நம் புஞ்சைகளில் ஊடுபயிராக விதைக்கும் அதே தட்டைப்பயறுதான் அது. அதன் வளர்ச்சியை நாளும் கண்டு பழகிய கரிசல் வீட்டுப் பிள்ளைகளாகிய நாம், அவ்வாராய்ச்சிகளிலும் பங்கு கொள்ளத் தகுதி பெற முயல்வோமாக!