பிரெஞ்சுத் திரையில் இளமை – 6: கடைசி ரயிலைத் தவறவிட்ட மூவர்

சென்ற வாரம் பார்த்த அந்துவான், சீர்திருத்தப் பள்ளியிலிருந்து தப்பி ஓடிக் கடலோரத்தில் வந்து நின்றான். 1959-இல் த்ரூஃபோ எடுத்த அந்தப் படத்தில் அவனுக்கென்று இருந்தவன் ரெனே ஒருவன்தான். அடைபட்டுக் கிடக்கும் நண்பனைப் பார்க்க ரெனே வருகிறான். காவலாளிகள் அவனை உள்ளே விடவில்லை. பிரெஞ்சுத் திரையில் இளையோரின் கதைகள் பலவும் இப்படி ஒரு கதவடைப்பிலிருந்து கிளம்புபவைதான். இந்த வாரம் பாரிசின் புறநகர் அடுக்குமாடிகளுக்குப் போவோம். அங்கிருந்து மலேசியாவில் நம் கிள்ளான் பக்கமும் வருவோம். காப்பாரில் உட்கார்ந்து இந்தப் படங்களைப் பார்க்கிற எவருக்கும் இவை அயல்நாட்டுக் கதைகளாகத் தோன்றமாட்டா.

1993 ஏப்ரலில் பாரிசின் 18-ஆம் வட்டாரக் காவல் நிலையத்தில், பிடித்துவைக்கப்பட்டிருந்த மாக்கோமே எம்போவோலே என்ற 17 வயதுப் பையன், விசாரித்த போலீஸ்காரரின் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானான். இளைஞர்கள் தெருவில் இறங்கினார்கள். அந்தச் சாவு தந்த ஆத்திரத்தில் மத்தியூ கசோவிட்ஸ் எழுதத் தொடங்கிய படம்தான் ‘லா ஹேன்’. 1995-இல் கான் திரைப்பட விழாவில் சிறந்த இயக்குநர் விருதைப் பெற்றபோது அவருக்கு வயது 27.

வின்ஸ் யூதன். சயீத் அரபு வம்சாவளி. உபேர் கறுப்பினத்தவன். மூவரும் ஒரே குடியிருப்பில் வளர்ந்தவர்கள். மூவருக்கும் வேலை இல்லை. முந்தைய இரவு கலவரம் நடந்திருக்கிறது. போலீஸ் அடித்ததில் இவர்களுடைய நண்பன் ஒருவன் மருத்துவமனையில் உயிருக்குப் போராடிக்கொண்டிருக்கிறான். கலவரத்தில் போலீஸ்காரர் ஒருவர் தொலைத்த துப்பாக்கி வின்ஸ் கையில் சிக்கியிருக்கிறது. ஒரு நாளில் நடந்து முடிகிற கதை, முழுக்கக் கறுப்பு வெள்ளையில்.

அன்றிரவு மூவரும் பாரிசுக்குப் போய்க் கடைசி ரயிலைத் தவறவிடுகிறார்கள். சுற்றித் திரிகையில் ஓர் ஓவியக் கண்காட்சிக்குள் நுழைகிறார்கள். கூட்டமெல்லாம் பணக்காரக் கூட்டம். அங்கே இரண்டு பெண்கள் நிற்கிறார்கள். பேச வேண்டும் என்று சயீதுக்கு ஆசை; தனியே போகத் துணிவில்லை. உபேரிடம் கெஞ்சுகிறான். உபேர் போய் மிகவும் மரியாதையாக, “என் நண்பன் உங்களிடம் பேச விரும்புகிறான், கொஞ்சம் கூச்சப்படுகிறான்” என்கிற பாங்கில் அறிமுகம் செய்கிறான். பெண்களும் சிரித்த முகத்தோடு பேச வருகிறார்கள். அந்த நொடி வரை எல்லாம் சரியாகவே போகிறது. அடுத்து சயீத் வாயைத் திறக்கிறான். தெருவில் நண்பர்களோடு பேசுகிற பேச்சு அப்படியே வந்து விழுகிறது. பெண்கள் முகம் சுளிக்க, இவன் குரலை உயர்த்த, சண்டை முற்றி மூவரும் வெளியே போகவேண்டியதாகிறது.

கசோவிட்ஸ் இந்தக் காட்சியில் யாருக்கும் வக்காலத்து வாங்கவில்லை. சயீத் நடந்துகொண்டது தவறு. அந்தப் பெண்கள் கோபப்பட்டது நியாயம். ஆனால் ஒரு பெண்ணிடம் மரியாதையோடு பேசிப் பழகுகிற வாய்ப்பே அந்தப் பையனுக்கு அதுவரை வாய்த்ததில்லை என்பதும் நமக்குப் புரிகிறது. வேலை இல்லாததும் போலீஸ் தொல்லையும் கணக்கில் எழுதக்கூடிய இழப்புகள். விரும்பியவரிடம் விரும்பியதைச் சொல்லத் தெரியாமல் வளர்வது எந்தக் கணக்கிலும் ஏறாத இழப்பு. ஒதுக்கப்பட்ட இளைஞனை அது உள்ளிருந்து அரிக்கிறது.

படம் வந்தபோது பிரதமராக இருந்த அலன் ஜுப்பே தம் அமைச்சரவைக்காகத் தனித் திரையிடல் ஏற்பாடு செய்தார். பத்தாண்டு கழித்து, 2005 அக்டோபர் 27-இல், கிளிஷி-சூ-புவா என்ற புறநகரில் போலீசுக்குப் பயந்து மின்நிலையத்துக்குள் ஒளிந்த சியத் பென்னா, பூனா த்ராவோரே என்ற இரண்டு பையன்கள் மின்சாரம் தாக்கி இறந்தார்கள். நாடு வாரக்கணக்கில் பற்றி எரிந்தது. ஆட்சியாளர்கள் படம் பார்த்ததோடு காரியம் முடிந்துவிடவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அதே 2005-இல், சிறந்த படம் உட்பட நான்கு சேசார் விருதுகளை வென்றது அப்தெலத்தீஃப் கெஷீஷின் ‘லெஸ்கீவ்’. புறநகர்ப் பிள்ளைகளைத் துப்பாக்கியும் போதைப்பொருளும் இல்லாமல் காட்டிய படம் அது. கிரிமோவுக்கு வயது 15. அதிகம் பேசமாட்டான். அப்பா சிறையில் இருந்து வரைந்து அனுப்பும் பாய்மரக் கப்பல் ஓவியங்களைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறான். கூடப் படிக்கும் லிடியா மேல் அவனுக்குக் காதல். அவள் பள்ளி நாடகத்தில் நடிக்கிறாள். 18-ஆம் நூற்றாண்டில் மாரிவோ எழுதிய காதல் நாடகம். அவள் பக்கத்தில் நிற்கவேண்டும் என்பதற்காகவே, நாடகத்தில் வேடம் கட்டிய இன்னொரு பையனுக்குத் தன் பொருள்களைக் கொடுத்து அந்த வேடத்தை வாங்கிக்கொள்கிறான் கிரிமோ.

ஒத்திகையில் அவனுக்கு வசனம் வரவில்லை. முணுமுணுக்கிறான். ஆசிரியை முதலில் பொறுமையாகச் சொல்லிப் பார்க்கிறார். பிறகு எல்லார் முன்னிலையிலும் கத்துகிறார். “உன்னைவிட்டு வெளியே வா, மகிழ்ச்சியாக இரு” என்பதுதான் அவர் கேட்பதன் சாரம். நல்ல ஆசிரியை, உண்மையான அக்கறை. ஆனால் அந்தப் பையனால் முடியவில்லை, எழுந்து போய்விடுகிறான். அந்த நாடகத்தைப் பற்றி அதே ஆசிரியை சொல்லிக்கொடுக்கிற பாடம் இன்னும் கசப்பானது: எசமானும் வேலைக்காரனும் உடையை மாற்றிக்கொண்டாலும், கடைசியில் எசமான் எசமானியையும், வேலைக்காரன் வேலைக்காரியையுமே விரும்புகிறார்கள், பிறந்த இடம் யாரையும் விடுவதில்லை. காதல்கூட வர்க்கத்தைத் தாண்டாது என்று ஏழைப் பிள்ளைகளுக்கு வகுப்பறையில் சொல்லிவைக்கிறார்கள். படத்தில் என்னை மிகவும் கலங்கவைத்த இடம் இது.

பெண்பிள்ளைகளின் கதை 2014-இல் செலின் சியம்மாவின் ‘பாந்த் த ஃபீய்’ வழியாக வந்தது. மரியேமுக்கு 16 வயது. பள்ளியில் ஆலோசகர் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். மேல்நிலைப் பள்ளிக்குப் போகமுடியாது, தொழிற்பயிற்சிக்குப் போ என்கிறார்கள். “நான் மற்றவர்களைப் போல இருக்க விரும்புகிறேன்” என்று கேட்கிறாள். இந்தக் காட்சி முழுவதும் ஆலோசகரின் முகத்தை சியம்மா காட்டவே இல்லை; குரல் மட்டும் வருகிறது. நாம் பார்ப்பது மரியேமின் முகத்தை மட்டுமே. முடிவு எடுப்பவருக்கு முகம் இல்லை, முடிவைச் சுமப்பவளுக்கு உண்டு. வெளியே வந்ததும் மூன்று பெண்கள் அவளைத் தங்களோடு சேர்த்துக்கொள்கிறார்கள். கடையில் திருடிய கவுன்களைப் போட்டுக்கொண்டு விடுதி அறையில் நால்வரும் ஆடுகிற ஆட்டத்தில்தான் அவள் முதன்முறையாக மனம்விட்டுச் சிரிக்கிறாள். பள்ளி மூடிய கதவை நட்பு திறந்தது. அதே நட்பு அவளைச் சண்டைக்கும் இட்டுச் சென்றது.

இங்கே நாம் கொஞ்சம் நின்று நம் பிள்ளைகளை நினைத்துப் பார்க்க வேண்டும். தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளிக்குப் போகிறவர்களில் மலாய்மொழித் தேர்ச்சி போதாதவர்கள், முதலாம் படிவத்துக்கு முன் ஓராண்டு புகுமுக வகுப்பில் இருக்கவேண்டும். ஆறு ஆண்டு ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நண்பன் முதலாம் படிவத்துக்குப் போக, இவன் மட்டும் பின்தங்குகிறான். அந்த ஓராண்டின் மொழிப்பயிற்சி தேவையானதாகவே இருக்கலாம். ஆனால் 13 வயதுப் பையனுக்கு அது நண்பனை இழந்த ஆண்டு. இடைவேளையில் யாரோடு உட்கார்வது என்று தெரியாமல் நிற்கிறவனை முதலில் ‘வா தம்பி’ என்று கூப்பிடுவது யார்? அவன் எதிர்காலம் பெரும்பாலும் அந்தக் குரலில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது.

பிரெஞ்சுத் திரையில் ஒரு தமிழ்ப் பிள்ளையும் அப்படி நின்றிருக்கிறாள். 2015-இல் கான் விழாவின் உயரிய விருதான தங்கப்பனை ஜாக் ஓதியாரின் ‘தீபன்’ படத்துக்குக் கிடைத்தது. எழுத்தாளர் ஷோபாசக்தி என்று நாம் அறிந்த அந்தோனிதாசன் யேசுதாசன் தீபனாகவும், காளீஸ்வரி சீனிவாசன் யாழினியாகவும் நடித்தார்கள். படத்தின் பெரும்பகுதி வசனம் தமிழ். ஈழப்போரில் தப்பிய ஓர் ஆணும் பெண்ணும், தாயில்லாத ஒரு சிறுமியும் பொய்க் கடவுச்சீட்டில் ஒரே குடும்பமாகப் பிரான்சுக்கு வந்து சேர்கிறார்கள். அந்தச் சிறுமி இளையாளுக்கு ஒன்பது வயது. புதிதாக வந்த பிள்ளைகளுக்கான வகுப்பில் அவளைச் சேர்க்கிறார்கள். திடலில் விளையாடும் சிறுமிகளிடம் தன்னையும் சேர்த்துக்கொள்ளும்படி கேட்கிறாள். அவர்கள் சேர்த்துக்கொள்ளவில்லை. இளையாள் அடித்துவிடுகிறாள். போரின் கொடுமையை எத்தனையோ படங்கள் காட்டியிருக்கின்றன. விளையாட்டில் சேர்த்துக்கொள்ளாத கொடுமையை இவ்வளவு அருகில் வைத்துக் காட்டிய படங்கள் குறைவு. அதே படம் அவர்கள் குடியேறிய புறநகர்க் குடியிருப்பின் இளைஞர்களைத் துப்பாக்கி ஏந்தியவர்களாகவே காட்டிவிட்டது என்ற குறை பிரான்சில் எழுந்தது. அந்தக் குறையில் நியாயம் இருக்கிறது.

அதே 2015 டிசம்பரில் நம் நாட்டில் வெளிவந்தது சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’. 1990-களின் தொடக்கம், தோட்டத்தைவிட்டு வெளியேறிய குடும்பங்கள் புறம்போக்கு நிலத்தில் குடிசை போட்டு வாழும் காலம். அப்போய்க்கு 12 வயது. கற்பனை மிகுந்த பையன். அப்பா மணியத்துக்கு மகன் படித்து மேலே வரவேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பில்லை. அந்த நினைப்பு அடியாகத்தான் வெளியே வருகிறது. பள்ளியும் அவனுடைய கற்பனையைக் குறும்பு என்றே பார்க்கிறது. சித்தப்பாக்கள் இருவர்: ஒருவர் போதையில் விழுந்து மீண்டவர், இன்னொருவர் குண்டர் கும்பலில் இருப்பவர். பையன் யார் பக்கம் சாய்வான் என்பது படத்தின் கேள்வி. மரியேம் அந்த மூன்று தோழிகளிடம் போனதைப் போலவே, அப்போயை மதித்துப் பேசுகிறவர்கள் எந்தப் பக்கம் நிற்கிறார்களோ அந்தப் பக்கமே அவன் சாய்கிறான்.

தோட்டம் போனபோது நம்மிடமிருந்து வேலை மட்டும் போகவில்லை. தோட்ட வீடு வேலையோடு ஒட்டியது. வேலை போனால் வீடும் போய்விடும். வீட்டோடு கோயில் திருவிழா, பந்து விளையாடும் திடல், ஆலமரத்தடி என்று பிள்ளைகள் கூடுகிற இடங்கள் அத்தனையும் போயின. காப்பார் வட்டாரத்தில் ஜாலான் அக்கோப் போன்ற தோட்டப்பெயர்கள் தமிழ்ப்பள்ளிகளின் பெயரில் இன்றும் நிற்கின்றன. சுற்றிலும் தொழிற்சாலைகளும் தாமான்களும் வந்துவிட்டன. பிள்ளைகள் கூட இடம் மட்டும் வரவில்லை. சாயங்காலம் அடுக்குமாடிக்குக் கீழே மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்திருக்கும் பையன்களைப் பார்த்ததும் நாம் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறோம். கோலாலம்பூரில் வேலை முடிந்து கிள்ளானில் ரயிலைவிட்டு இறங்கி, காப்பாருக்குப் பேருந்து கிடைக்காமல் நிற்கிற பையனும் அவர்களில் ஒருவன்தான். சயீதும் உபேரும் வின்சும் தவறவிட்ட ரயில் நமக்குத் தெரியாத ரயில் இல்லை.

2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. உறுப்பினர் சுமார் 40,000 பேர். அவர்களில் 70 விழுக்காட்டுக்கும் மேல் இந்தியர். நாட்டின் மக்கள்தொகையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத சமூகம் நாம். இந்த எண்ணைக் கேட்டுத் தலைகுனிவதோடு நாம் நிறுத்திக்கொண்டோம். அந்தப் பிள்ளைகளுக்குக் கும்பலுக்கு முன்னால் நண்பர்களாக யார் இருந்தார்கள், அவர்கள் எதற்கு ஆசைப்பட்டார்கள், யார் கதவை அடைத்தார்கள் என்று கேட்டவர்கள் குறைவு. ‘ஜகாட்’ அதைக் கேட்டது. அந்தப் படமே ஒரு கதவடைப்பைச் சந்திக்க நேர்ந்தது. 2016-இல் மலேசியத் திரைப்பட விழாவில் அதைத் தேசிய மொழி அல்லாத படங்களுக்கான தனிப்பிரிவில் ஒதுக்கினார்கள். மலாய்க் கலைஞர்கள் உட்படப் பலர் எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். விதி மாறியது, மலேசியாவின் சிறந்த படம் என்ற விருது ‘ஜகாட்’டுக்குக் கிடைத்தது. சேர்ந்து நின்று கேட்டால் கதவு திறக்கும் என்பதற்கு இதுவே சாட்சி.

நம் பெண்பிள்ளைகளின் ஆசைக்கும் இங்கே திரையில் இடம் கிடைத்திருக்கிறது. தீபக் குமாரன் மேனனின் ‘செம்மண் சாலை’யில் (2005) தோட்டத்துப் பெண் படிக்க ஆசைப்படுகிறாள்; பிரான்சின் நாந்த் நகரில் மூன்று கண்டங்கள் திரைப்பட விழா அதற்கு நடுவர் சிறப்பு விருது தந்தது. அவருடைய அடுத்த படத்தில், பிரிக்பீல்ட்சில் பூ விற்கும் தாயின் மகள் பரதம் ஆட ஆசைப்படுகிறாள். இவை இரண்டும் நம் ஊர்களில் எத்தனை பேர் பார்த்த படங்கள்?

காப்பாரிலும் கிள்ளானிலும் கோயில் மண்டபங்கள் இருக்கின்றன, இளைஞர் மன்றங்கள் இருக்கின்றன, பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் இருக்கின்றன. மாதத்தில் ஒரு மாலை இந்தப் படங்களைத் திரையிடுங்கள். அடுக்குமாடிக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் பையன்களையும் பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். படம் முடிந்ததும் தலைவர் உரை வேண்டாம், அவர்களைப் பேசவிடுங்கள். பெண்பிள்ளைகளும் சமமாக உட்கார்ந்து பேசட்டும். சயீதுக்குக் கிடைக்காத பயிற்சி அதுதான்.

அடுத்த வாரம், 1962-இல் அல்ஜீரியப் போரின் இறுதிக்காலத்தில் வளர்ந்த நான்கு இளையோரைப் பற்றி ஆந்த்ரே தெஷினே எடுத்த படத்தைப் பார்ப்போம். அதற்குள் ‘ஜகாட்’ பார்க்காதவர்கள் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். வீட்டில் 12 வயதுப் பிள்ளை இருந்தால் அவனோடு சேர்ந்து பாருங்கள்.