விளிம்படி இலக்குக் கைத்துப்பாக்கி

விளிம்படி இலக்குக் கைத்துப்பாக்கி என்பது தாள் இலக்குகளைக் குறிபார்த்துச் சுடுவதற்கென வடிவமைக்கப்பட்டு, சிறிய விளிம்படித் தோட்டாவைப் பயன்படுத்தும் கைத்துப்பாக்கி ஆகும். துப்பாக்கி சுடுதலைப் பொழுதுபோக்காகத் தொடங்குவோர் பலர் இவ்வகையிலேயே பழகுகின்றனர். தோட்டாவின் விலை குறைவு என்பதும், சுடும்போது கையில் உணரப்படும் பின்னுதைப்பு மிகச் சிறிது என்பதும் இதற்குக் காரணங்களாகும். இதனைத் தேர்ந்தெடுக்கையில் விலையையும் தயாரிப்பாளரின் பெயரையும் விட மூன்று பொருத்தங்களே முதன்மையானவை: சுடுபவரின் கைக்குப் பிடி பொருந்துதல், விசை சீராக இயங்குதல், தோட்டாவுடன் துப்பாக்கி தடையின்றி இயங்குதல்.

தோட்டா

விளிம்படித் தோட்டாவில் பற்றவைக்கும் கலவை, உறையின் அடிவிளிம்பினுள் பரவியிருக்கும். சுடும் ஊசி அவ்விளிம்பை நசுக்கும்போது கலவை தீப்பற்றி உள்ளிருக்கும் வெடிமருந்தை எரிக்கிறது. பெரிய துப்பாக்கிகளின் நடுவடித் தோட்டாக்களில் இக்கலவை அடிப்பாகத்தின் நடுவே ஒரு சிறு கிண்ணத்தில் தனியே வைக்கப்படுகிறது.

சுமித் அண்டு வெசன் நிறுவனம் 1857இல் .22 சார்ட் என்னும் தோட்டாவை அறிமுகப்படுத்தியது. அதிலிருந்து வளர்ந்து 1887இல் வெளிவந்த .22 லாங் ரைபிள் தோட்டாவே இன்று இலக்குச் சுடுதலில் மிகுதியாகப் பயன்படுகிறது. இதன் குண்டு பொதுவாக 40 கிரெயின், அதாவது ஏறத்தாழ 2.6 கிராம் எடையுள்ளது. சுட்டபின் உறையின் விளிம்பு நசுங்கிவிடுவதால், நடுவடி உறைகளைப் போல இதனை மீண்டும் நிரப்பிப் பயன்படுத்தும் வழக்கம் இல்லை.

வகைகள்

பொழுதுபோக்குக்கான துப்பாக்கிகளில் ரூகர் நிறுவனம் 1949இல் வெளியிட்ட மாதிரியும் அதன் வழிவந்த மார்க் வரிசையும், 1985இல் வந்த பிரௌனிங் பக் மார்க்கும் பரவலாக அறியப்பட்டவை. சுமித் அண்டு வெசன் 1957இல் அறிமுகப்படுத்திய மாதிரி 41 விலை கூடியது. இவற்றில் தோட்டாக்கூடு கைப்பிடிக்குள் செருகப்படுகிறது.

போட்டிகளுக்கான துப்பாக்கிகளை இத்தாலியின் பர்தினி, செருமனியின் வால்தர், பைன்வெர்க்பவ் முதலிய நிறுவனங்கள் செய்கின்றன. பர்தினி போன்றவற்றில் தோட்டாக்கூடு விசைக்கு முன்புறம் அமைந்துள்ளது. இதனால் பிடியை உள்ளங்கையின் வடிவத்திற்கேற்பச் செதுக்க இடம் கிடைக்கிறது.

தேர்வில் கவனிக்க வேண்டியவை

பிடி: துப்பாக்கியை இயல்பாகப் பிடித்து, கண்களை மூடி, கையை நீட்டியபின் கண்களைத் திறக்க வேண்டும். முன்குறியும் பின்குறியும் ஏறக்குறைய ஒரே நேர்க்கோட்டில் தெரிந்தால் பிடி பொருந்துகிறது எனலாம். மணிக்கட்டைத் திருப்பித்தான் குறிகளை நேராக்க வேண்டுமெனில், வேறு பிடியையோ வேறு துப்பாக்கியையோ பார்ப்பது நல்லது. இடக்கையாளர்கள் இதில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். வலக்கைக்கெனச் செதுக்கப்பட்ட பிடி அவர்களுக்குப் பயன்படாது. அங்கேரி நாட்டின் கரோலி தகாச் 1938இல் கையெறிகுண்டு வெடித்து வலக்கையை இழந்தபின் இடக்கையால் சுடப் பழகி, 1948, 1952 ஒலிம்பிக்குகளில் 25 மீட்டர் விரைவுச் சுடுதலில் தங்கம் வென்றார்.

விசை: குறி தவறுவதற்குப் பெரும்பாலும் குழல் காரணமன்று, விசையை இழுக்கும் கணத்தில் கை அசைவதே காரணம். விசை எவ்விடத்தில் விடுபடும் என்பது ஒவ்வொரு முறையும் ஒன்றுபோல் இருத்தல் வேண்டும். மிக இலேசான விசை நல்ல விசை என்பது தவறான எண்ணம். பன்னாட்டுத் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பின் 25 மீட்டர் போட்டிகளில் விசையின் குறைந்த அளவு 1000 கிராம் என வரையறுக்கப்பட்டுள்ளது.

குறிகள்: முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையேயுள்ள தொலைவு கூடினால் பிழை குறையும். இத்தொலைவு 220 மில்லிமீட்டர் ஆயின், குறிகள் ஒன்றுக்கொன்று 0.5 மில்லிமீட்டர் விலகினாலே 25 மீட்டரில் குண்டு ஏறத்தாழ 57 மில்லிமீட்டர் தள்ளிப்படும். 160 மில்லிமீட்டர் ஆயின் அதே பிழை 78 மில்லிமீட்டராகிறது. 25 மீட்டர் துல்லியச் சுடுதல் இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 50 மில்லிமீட்டர் மட்டுமே என்பதை இங்கு ஒப்பிட்டுப் பார்க்கலாம். பின்குறி மேல்கீழாகவும் பக்கவாட்டிலும் சரிசெய்யக்கூடியதாக இருப்பது அவசியம்.

எடை: கனமான துப்பாக்கி அசைவையும் பின்னுதைப்பையும் குறைக்கிறது. ஆனால் கை தளர்ந்தபின் அதே எடை நடுக்கத்தைத் தருகிறது. எனவே ஒரு முறை தூக்கிப் பார்த்து முடிவு செய்யாமல், பயிற்சிக் கழகத்தில் அதே மாதிரியை நீண்ட நேரம் சுட்டுப் பார்த்து முடிவு செய்தல் சிறந்தது.

தோட்டாவுடன் பொருத்தம்: தானாக மறுதோட்டாவை ஏற்றும் துப்பாக்கிகள் தோட்டாவின் விசையாலேயே இயங்குகின்றன. போட்டித் துப்பாக்கிகள் பெரும்பாலும் ஒலியின் வேகத்தை மிஞ்சாத இயல்பு வேகத் தோட்டாக்களுக்கென அமைக்கப்பட்டவை. அவற்றில் அதிவேகத் தோட்டாவைத் தொடர்ந்து பயன்படுத்தினால் உறுப்புகள் விரைவில் தேயும். சில பொழுதுபோக்குத் துப்பாக்கிகளோ மெதுவான தோட்டாவில் சரியாக இயங்காமல் சிக்கிக்கொள்ளும். பல வகைத் தோட்டாக்களைச் சுட்டுப் பார்த்து, சிக்காமலும் சிதறாமலும் சுடும் வகையைத் தெரிந்து கொள்ள வேண்டும்.

பராமரிப்பு

விளிம்படித் தோட்டா மெழுகும் கரியும் மிகுதியாகப் படியவிடும். ஆகவே எளிதில் கழற்றி மாட்டக்கூடிய அமைப்பு தொடக்கநிலையாளருக்கு உதவும். ரூகரின் பழைய மாதிரிகளை மீண்டும் பூட்டுவது கடினம் எனப் பெயர் பெற்றிருந்தது. 2016இல் வந்த மார்க் 4 ஒரு பொத்தானை அழுத்தினாலே திறக்கும்படி மாற்றப்பட்டது. தோட்டாவின்றி விசையை இழுத்துப் பயிலுமுன் கையேட்டைப் பார்க்க வேண்டும். சில துப்பாக்கிகளில் சுடும் ஊசி தோட்டா அறையின் விளிம்பில் மோதி அதைச் சேதப்படுத்தும்.

பாதுகாப்பு

சிறிய தோட்டா என்பதால் இதனை விளையாட்டுப் பொருளாகக் கருதலாகாது. இதன் குண்டு உயிரைப் பறிக்க வல்லது. ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் செல்லக்கூடியது. குழல் எப்போதும் பாதுகாப்பான திசையை நோக்கியிருத்தல், சுடும் கணம் வரை விரலை விசையில் வைக்காதிருத்தல், எத்துப்பாக்கியையும் தோட்டா உள்ளதாகவே கருதுதல் ஆகியன அடிப்படை விதிகள். இதன் ஓசை செவிக்குக் கேடு தரும் 140 டெசிபெல் அளவை மிஞ்சக்கூடும் என்பதால் செவிக்காப்பும் கண்ணாடியும் அணிய வேண்டும். குண்டுகளிலும் பற்றவைக்கும் கலவையிலும் ஈயம் இருப்பதால், சுட்டபின் கைகளைக் கழுவாமல் உணவு உண்ணலாகாது.

சட்டம்

இத்துப்பாக்கியை வைத்திருப்பதற்கான சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. இசுக்காட்லாந்தின் டன்பிளேன் பள்ளியில் 1996இல் 16 குழந்தைகளும் ஓர் ஆசிரியரும் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, பெரிய பிரித்தானியாவில் கைத்துப்பாக்கிகள் தடைசெய்யப்பட்டன. 1997இன் இரண்டாவது சட்டம்.22 வகைகளையும் தடைக்குள் கொண்டு வந்தது. இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் தேவை. ஆகவே முதலில் அங்கீகாரம் பெற்ற ஒரு கழகத்தில் சேர்ந்து, அங்குள்ள துப்பாக்கிகளில் பழகி, தம் கைக்கு ஏற்றதை அறிந்தபின் வாங்க முனைவதே முறையான வழியாகும்.