போர் வேண்டாம் என்ற நகர மன்றங்கள்

2003 மார்ச் மாதம் அமெரிக்கா ஈராக் மீது படையெடுத்தது. அதற்கு முன்பே அந்நாட்டின் நூற்றுக்கும் மேற்பட்ட நகர, வட்டார மன்றங்கள் அந்தப் போரை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியிருந்தன. சான் பிரான்சிஸ்கோ, சியாட்டில், டெட்ராய்ட், பிலடெல்பியா, பால்டிமோர் ஆகிய பெருநகரங்களும் அவற்றில் உண்டு. வாஷிங்டனில் உள்ள ஓர் ஆய்வு நிறுவனம் 'அமைதிக்கான நகரங்கள்' என்ற பெயரில் இம்முயற்சியை ஒருங்கிணைத்தது.

அமெரிக்க அரசியல் சட்டப்படி போரை அறிவிக்கும் அதிகாரம் காங்கிரஸுக்கு உரியது. படைகளின் தலைவர் அதிபர். 2002 அக்டோபரில் பிரதிநிதிகள் சபை 296க்கு 133 என்றும், செனட் சபை 77க்கு 23 என்றும் வாக்களித்து, படைபலத்தைப் பயன்படுத்த அதிபர் புஷ்ஷுக்கு அனுமதி கொடுத்துவிட்டன. குப்பை அள்ளுவதையும் சாலை போடுவதையும் கவனிக்க வேண்டிய நகர மன்றத்துக்கு வெளிநாட்டு விவகாரத்தில் என்ன வேலை என்று அப்போது பலரும் கேட்டார்கள்.

அதற்கு மன்றங்கள் சொன்ன பதிலில் நியாயம் இருந்தது. போருக்குப் போகிறவர்கள் எங்கள் ஊர்ப் பிள்ளைகள். செலவாவது எங்கள் வரிப்பணம். போருக்குப் பணம் போனால் வீட்டுவசதிக்கும் பள்ளிக்கும் மருத்துவத்துக்கும் வரும் மத்திய நிதி சுருங்கும் என்றன. இன்னொரு நெருக்கடியும் இருந்தது. ரிசர்வ் படையில் சேர்ந்திருந்த போலீஸ்காரர்களும் தீயணைப்பு வீரர்களும் பணிக்கு அழைக்கப்பட்டால் ஊரில் அந்த இடங்கள் காலியாகிவிடும். பயங்கரவாத எச்சரிக்கை உயரும்போதெல்லாம் கூடுதல் காவலுக்கு ஆகும் செலவும் நகரங்களின் தலையில்தான் விழுந்தது. இதையெல்லாம் சுமக்கிறவர்களுக்கு வாய் திறக்கும் உரிமை இல்லை என்று எப்படிச் சொல்ல முடியும்?

சிகாகோவின் தீர்மானம் இவற்றில் முக்கியமானது. 2003 ஜனவரி 16 அன்று 46க்கு 1 என்ற வாக்குகளில் அது நிறைவேறியது. அதைக் கொண்டுவந்தவர் மன்ற உறுப்பினர் ஜோ மூர். எல்லாப் போரையும் அது எதிர்க்கவில்லை. ஈராக்கால் அமெரிக்காவுக்கு உண்மையான, உடனடியான ஆபத்து இருப்பதாக நிரூபிக்காமல் முந்திக்கொண்டு தாக்கக் கூடாது என்றது. பின்னாளில் ஈராக்கில் பேரழிவு ஆயுதக் கிடங்கு எதுவும் கிடைக்கவில்லை என்பதை நினைத்தால், அந்த நிபந்தனையின் அருமை புரியும். பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலஸ் 9க்கு 4 என்று வாக்களித்தது. செப்டம்பர் 11 தாக்குதலின் காயம் ஆறாத நியூயார்க்கும் மார்ச் 12 அன்று, மற்ற வழிகள் எல்லாம் தீர்ந்த பிறகே போர் என்ற கருத்தை 31க்கு 17 என்று ஏற்றது.

இந்த வழக்கம் வியட்நாம் போர்க் காலத்திலேயே இருந்தது. 1967இல் உடனே போரை நிறுத்திப் படைகளைத் திரும்பப் பெறலாமா என்று சான் பிரான்சிஸ்கோ தன் வாக்காளர்களிடமே கேட்டது, பெரும்பான்மையோர் மறுத்துவிட்டார்கள். அதே நகரம் 2004இல் ஈராக்கிலிருந்து படைகள் திரும்ப வேண்டும் என்று பெரும்பான்மையாக வாக்களித்தது.

சட்டமும் இங்கே ஓர் எல்லை வகுத்திருக்கிறது. மியான்மரின் ராணுவ ஆட்சியோடு வணிகம் செய்த நிறுவனங்களுக்கு எதிராக மாசசூசெட்ஸ் மாநிலம் 1996இல் இயற்றிய சட்டத்தை, 2000இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. தீர்மானம் அப்படிப்பட்டதல்ல, அது யாரையும் தண்டிப்பதில்லை, கருத்தைப் பதிவு செய்கிறது. அதனால் அதற்குத் தடை வரவில்லை.

ஈராக் போரை இந்தத் தீர்மானங்கள் தடுக்கவில்லை. ஆனால் எதிர்ப்பு ஓயவில்லை. 2011 ஜூனில் பால்டிமோரில் கூடிய அமெரிக்க மேயர்கள் மாநாடு, ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களை விரைவாக முடித்து அந்தப் பணத்தை உள்நாட்டுத் தேவைகளுக்குத் திருப்பும்படி கேட்டது. பாக்தாத்திலும் காந்தகாரிலும் பாலம் கட்டிக்கொண்டு, பால்டிமோரிலும் கன்சாஸ் சிட்டியிலும் கட்டாமல் இருப்பது என்ன நியாயம் என்றார் லாஸ் ஏஞ்சலஸ் மேயர் வில்லரைகோசா.

இந்த வழக்கம் அதன் பிறகும் தொடர்ந்தது. 2024 ஜனவரி 31 அன்று காசாவில் போர்நிறுத்தம் கோரும் தீர்மானம் சிகாகோ மன்றத்துக்கு வந்தது. உறுப்பினர்களின் வாக்குகள் 23க்கு 23 என்று சமமாக நிற்க, மேயர் பிராண்டன் ஜான்சன் அளித்த வாக்கால் அது நிறைவேறியது.