வேலை இளநிலை உதவியாளருடையது, ஊதியம் மட்டும் வேறு: கள்ளக்குறிச்சியிலிருந்து சில சட்டக் கேள்விகள்

கல்வராயன் மலையின் அடிவாரத்தை ஒட்டிய ஓர் அரசு அலுவலகத்தில் பதினோரு ஆண்டுகளாகப் பணிபுரியும் பெண் ஒருவர் அண்மையில் நம்மைச் சந்திக்க வந்தார். அவருடைய பெயரையும் அலுவலகத்தின் பெயரையும் இங்கே தவிர்க்கிறோம். சேரியில் பிறந்து, தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குச் சென்றவர் அவர். வணிகவியல் பட்டமும், தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் முதுநிலைத் தட்டச்சும் முடித்திருக்கிறார். தபால்களைப் பதிவது, தன்பதிவேடு பராமரிப்பது, கோப்புகளில் குறிப்பு எழுதுவது, திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் நாளில் பெறப்படும் மனுக்களைக் கணினியில் ஏற்றுவது, வருவாய்த் தீர்வாயக் காலத்தில் இரவு வரை அமர்ந்து பட்டியல் தயாரிப்பது ஆகியவை அவருடைய அன்றாடப் பணிகள். புதிதாகத் தேர்வாகி வரும் இளநிலை உதவியாளர்களுக்கு வேலை கற்றுக்கொடுப்பவரும் அவர்தான்.

அவருக்கு மாதம் 12,000 ரூபாய் கிடைக்கிறது. அவரிடம் வேலை கற்றுக்கொண்டவரின் தொடக்க அடிப்படை ஊதியம் 19,500 ரூபாய். அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி, ஆண்டு ஊதிய உயர்வு ஆகியவை தனி. ஊதிய உயர்வு கேட்டபோது, "நீங்கள் எங்கள் ஊழியரே இல்லையம்மா, ஏஜென்சியில் போய்க் கேளுங்கள்" என்றார் அதிகாரி. ஏஜென்சியோ, "அரசு தருவதைத்தான் தருகிறோம்" என்றது. இந்தப் பதினோரு ஆண்டுகளில் ஏஜென்சி மூன்று முறை மாறியிருக்கிறது. அவரும் அவருடைய நாற்காலியும் அதே இடத்தில் இருக்கின்றனர்.

இது ஒருவருடைய சிக்கல் மட்டுமன்று. ஊராட்சி ஒன்றியம், மருத்துவமனை, பள்ளி, கூட்டுறவு நிறுவனம் எங்கு நோக்கினும் கணினி இயக்குநர், தரவு உள்ளீட்டாளர், அலுவலக உதவியாளர் என்னும் பெயர்களில் நம் பிள்ளைகள் இவ்வாறே அமர்ந்திருக்கிறார்கள். அனுபவத்துக்கேற்ற ஊதியத்தை அவர்கள் கேட்க முடியுமா? முடியுமெனில், எந்தச் சட்டத்தின் கீழ், யாரிடம், எவ்வாறு கேட்பது? இக்கேள்விகளுக்கான விடையை இக்கட்டுரையில் விளக்க முயல்கிறோம்.

சம வேலைக்குச் சம ஊதியம்: கொள்கையின் பயணம்

அரசமைப்புச் சட்டத்தின் 39(ஈ) பிரிவு, ஆண், பெண் இருபாலருக்கும் சம வேலைக்குச் சம ஊதியம் என்கிறது. இது வழிகாட்டும் நெறி மட்டுமே. நீதிமன்றத்தின் வழியே நேரடியாக நிறைவேற்றத் தக்கதன்று. எனினும், டெல்லிக் காவல்துறையின் ஓட்டுநர் ஒருவர் தொடுத்த ரந்தீர் சிங் வழக்கில் (1982), 14, 16 ஆகிய பிரிவுகளோடு இந்நெறியைச் சேர்த்துப் படித்தால் அது நிறைவேற்றத் தக்க உரிமையாகிறது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. அவர் வேறு துறை ஓட்டுநர்களின் வேலையையே செய்தார். ஊதியம் மட்டும் குறைவாக இருந்தது.

நமக்கு மிகவும் பயன்படும் தீர்ப்பு, 2016 அக்டோபர் 26 அன்று வந்த பஞ்சாப் மாநிலம் எதிர் ஜக்ஜித் சிங் வழக்கின் தீர்ப்பாகும். தினக்கூலி, தற்காலிகம், ஒப்பந்தம் என எந்தப் பெயரில் பணியமர்த்தப்பட்டிருந்தாலும், நிரந்தர ஊழியரின் அதே கடமைகளைச் செய்பவருக்கு அப்பதவியின் ஊதிய விகிதத்தில் குறைந்தபட்ச நிலையை வழங்க வேண்டும் என்று அது முடிவு செய்தது. குறைந்த ஊதியத்துக்கு ஒருவர் மனமுவந்து உடன்படுவதில்லை, குடும்பத்துக்குச் சோறிட வேண்டிய கட்டாயத்தில் தம் கண்ணியத்தை விலையாகக் கொடுத்தே உடன்படுகிறார் என்பதையும் அத்தீர்ப்பு ஏற்றுக்கொண்டது. "கையெழுத்துப் போட்டுத்தானே சேர்ந்தீர்கள்?" என்று கேட்கும் அதிகாரிகளுக்கு இதுவே விடை.

இத்தீர்ப்பின் எல்லையையும் நாம் அறிந்திருக்க வேண்டும். அது தருவது விகிதத்தின் தொடக்கநிலை ஊதியம் மட்டுமே. ஓராண்டு பணி செய்தவரும் பதினோரு ஆண்டு பணி செய்தவரும் ஒரே தொகையைத்தான் பெறுவர். அனுபவத்துக்கான ஊதிய உயர்வு வேண்டுமெனில் பணிவரன்முறை என்னும் அடுத்த படியை ஏற வேண்டும்.

உமாதேவி தீர்ப்பும் அதன் தவறான பயன்பாடும்

பணிவரன்முறை கேட்டாலே அரசுத் தரப்பு முதலில் நீட்டுவது 2006ஆம் ஆண்டின் உமாதேவி தீர்ப்பை. முறையான தேர்வின்றிப் பின்வாசல் வழியே நுழைந்தவர்களை நிரந்தரமாக்க முடியாது என்பது அதன் சாரம். அதே தீர்ப்பில் ஒரு விதிவிலக்கும் உண்டு. ஒப்பளிக்கப்பட்ட பணியிடத்தில், உரிய தகுதியுடன், நீதிமன்ற இடைக்கால ஆணையின் துணையின்றிப் பத்தாண்டுகளுக்கு மேல் பணியாற்றியவர்களை ஒருமுறை நடவடிக்கையாக வரன்முறைப்படுத்த வேண்டும் என்பதே அது. அரசுகள் முதல் பகுதியை நினைவில் வைத்துக்கொண்டு இரண்டாம் பகுதியை மறந்துவிட்டன.

2024 டிசம்பரில் வந்த ஜக்கோ வழக்கின் தீர்ப்பு இப்போக்கைக் கண்டித்தது. மத்திய நீர் ஆணையத்தில் பல்லாண்டுகள் துப்புரவுப் பணியும் தோட்டப் பணியும் செய்து, பின் ஒரே நாளில் நீக்கப்பட்டவர்களின் வழக்கு அது. நீண்டகாலம் தொடர்ந்து தேவைப்படும் பணியைத் தற்காலிகம் என்று பெயரிட்டு அழைப்பது சுரண்டல் என்றும், உமாதேவி தீர்ப்பை ஊழியருக்கு எதிரான ஆயுதமாக்கக் கூடாது என்றும் கூறிய நீதிமன்றம், அவர்களை வரன்முறைப்படுத்த ஆணையிட்டது. 2025 ஆகஸ்டில் உத்தரப் பிரதேசத்தின் தரம் சிங் வழக்கிலும் இதே திசையில் தீர்ப்பு வந்தது. நிதி நெருக்கடி என்னும் ஒற்றைக் காரணத்தைக் காட்டி, அன்றாடப் பணிகளைச் செய்வோரை ஆண்டுக்கணக்கில் தற்காலிக நிலையிலேயே அரசு வைத்திருக்க முடியாது என்பது அதன் பொருள்.

ஏஜென்சி என்னும் சுவர்

மேற்கண்ட தீர்ப்புகள் துறையால் நேரடியாக அமர்த்தப்பட்டவர்களுக்கு எளிதில் பொருந்துகின்றன. ஏஜென்சி வழியாக வந்தவர்களுக்கு வழி கடினமானது. அதை மறைப்பது நேர்மையன்று.

2001ஆம் ஆண்டின் இந்திய எஃகு ஆணைய வழக்கின்படி, ஒப்பந்தம் வெறும் கண்துடைப்பு என்று மெய்ப்பித்தால்தான் ஒப்பந்தத் தொழிலாளி முதன்மை வேலையளிப்பவரின் நேரடித் தொழிலாளியாகக் கருதப்படுவார். அதற்கு நீதிமன்றங்கள் கேட்கும் கேள்விகள் இவை: அவரைத் தேர்ந்தெடுத்தது யார்? ஊதியம் தருவது யார்? விடுப்பு வழங்குவது யார்? ஒழுங்கு நடவடிக்கை எடுக்கவும் நீக்கவும் அதிகாரம் உள்ளவர் யார்? அன்றாட வேலையைக் கட்டுப்படுத்துவது யார்? நம்மைச் சந்தித்த பெண்ணுக்கு விடுப்பு தருவதும், வேலை பிரித்துத் தருவதும், விளக்கம் கேட்டுக் குறிப்பாணை தருவதும் அலுவலகமே. ஏஜென்சி மாறியும் ஆள் மாறவில்லை என்பது அவர் பக்கமுள்ள வலுவான சான்று.

ஒப்பந்தம் உண்மையானதே என்று கொண்டாலும் உரிமை முற்றிலும் மறைவதில்லை. 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட மத்திய விதிகளில் 25ஆவது விதி, நேரடித் தொழிலாளியின் அதே வகைப் பணியைச் செய்யும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு அதே ஊதியம் தரவேண்டும் என்பதை உரிமத்தின் நிபந்தனையாக்கியது. அச்சட்டம் நடைமுறையில் இருந்த காலத்துக்கான கோரிக்கையில் இந்த நிபந்தனையைத் தவறாமல் சேர்க்க வேண்டும். ஒப்பந்ததாரர் ஊதியத்தைத் தராவிட்டாலோ குறைத்துத் தந்தாலோ முதன்மை வேலையளிப்பவரே அதைத் தரவேண்டும் என்பதும் சட்டம்.

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத்தொகுப்பு, அரசு நிறுவனங்களையும் தன் வரையறைக்குள் கொண்டுவருகிறது. பழைய குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தில் ஆறு மாதங்களாக இருந்த கோரிக்கைக் காலவரம்பு இதில் மூன்று ஆண்டுகள். குறைத்துத் தந்த தொகையோடு, அதைப்போல் பத்து மடங்கு வரை இழப்பீடும் ஆணையிடலாம். ஊதியம் முழுமையாகத் தரப்பட்டது என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு வேலையளிப்பவருடையது. புதிய தொகுப்புகளின் மீது நமக்குப் பல விமர்சனங்கள் உண்டு. ஆயினும் கையில் இருக்கும் கருவியைப் பயன்படுத்தாமல் விட வேண்டியதில்லை.

இதில் சாதி எங்கே இருக்கிறது?

"இது தொழிலாளர் சிக்கல்தானே, சாதிச் சிக்கலாக ஏன் பார்க்கிறீர்கள்?" என்று மாணவர்கள் சிலர் கேட்கிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, கள்ளக்குறிச்சி அப்போது அங்கம் வகித்த விழுப்புரம் மாவட்டத்தில் பட்டியல் சாதியினர் ஏறத்தாழ 29 விழுக்காடு. தமிழ்நாட்டின் 69 விழுக்காடு இடஒதுக்கீட்டில் பட்டியல் சாதியினருக்கு 18, பழங்குடியினருக்கு 1 என்னும் பங்கு முறையான நியமனங்களுக்கே உரியது. ஏஜென்சி வழி நியமனத்தில் இனச்சுழற்சி இல்லை, பின்னடைவுப் பணியிடம் இல்லை, பதவி உயர்வும் இல்லை. ஒரு பணியிடம் ஏஜென்சிக்குப் போகும்போது அதனோடு சேர்ந்து ஓர் இடஒதுக்கீட்டு இடமும் ஓசையின்றி மறைகிறது. 2022 அக்டோபரில் மனிதவளச் சீர்திருத்தக் குழுவை அமைத்த 115ஆம் எண் அரசாணைக்கு எதிராக ஊழியர் சங்கங்களும் சமூகநீதி இயக்கங்களும் குரல் எழுப்பியதும், அக்குழுவின் ஆய்வு வரம்புகளை அரசு விலக்கிக்கொண்டதும் இதனால்தான் முக்கியமானவை.

மலையின் வரலாறும் இதே பாடத்தைச் சொல்கிறது. கல்வராயன் மலை 1976 வரை ஜாகிர்தார்களின் பிடியில் இருந்தது. மலையாளிப் பழங்குடி மக்கள் அவர்களுடைய நிலங்களில் கூலியின்றி உழைத்தார்கள். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் இயற்றப்பட்டதும் அதே 1976இல்தான். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்த பின், மலைமக்களின் வாழ்நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. அந்த மலையிலிருந்து படித்து இறங்கி வரும் முதல் தலைமுறைக்கு அரசு அலுவலகத்தில் கிடைப்பது பெரும்பாலும் இந்தத் தற்காலிக நாற்காலியே.

குறைந்தபட்ச ஊதியத்துக்கும் கீழே தந்து வேலை வாங்குவது அரசமைப்பின் 23ஆவது பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பே என்று, ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் (1982) உச்ச நீதிமன்றம் கூறியது. குறைந்தபட்ச ஊதிய மசோதாவை 1946இல் மத்திய சட்டமன்றத்தில் அறிமுகப்படுத்தியவர், அன்று தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த அண்ணல் அம்பேத்கர் என்பதையும் நாம் நினைவுகொள்வோம்.

செய்ய வேண்டியவை

முதலாவது, சான்றுகளைச் சேர்ப்பது. பணி ஒதுக்கீட்டு ஆணை, குறிப்பாணை, தேர்தல் பணி ஆணை, உங்கள் கையெழுத்து உள்ள பதிவேட்டுப் பக்கங்கள், கணினியில் உங்கள் பெயரிலுள்ள பயனர் கணக்கு, வங்கிக் கணக்கு அறிக்கை ஆகிய ஒவ்வொன்றும் வழக்கின் செங்கல். அலுவலகக் கோப்புகளை அனுமதியின்றி வெளியே கொண்டுவர வேண்டாம்; அதுவே உங்கள் மீதான குற்றச்சாட்டாகிவிடும். தேவையான நகல்களைத் தகவல் உரிமைச் சட்டத்தின் வழியே பெறுங்கள்.

இரண்டாவது, அந்தத் தகவல் மனு. பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாள் கெடு. கேட்க வேண்டியவை: ஒப்பளிக்கப்பட்ட இளநிலை உதவியாளர், தட்டச்சர் பணியிடங்கள் எத்தனை, காலி எத்தனை, ஏஜென்சியுடனான ஒப்பந்தத்தின் நகல், ஓர் ஊழியருக்காக ஏஜென்சிக்கு மாதந்தோறும் செலுத்தப்படும் தொகை, அதில் ஊழியருக்குச் சேர வேண்டியது எவ்வளவு. கடைசி இரண்டு கேள்விகளின் விடையைக் கண்டு அதிர்ந்தவர்கள் பலர்.

மூன்றாவது, வருங்கால வைப்புநிதிக் கணக்கைச் சரிபார்ப்பது. வேலையளிப்பவரின் பங்கையும் ஊழியரின் ஊதியத்திலேயே பிடித்துக்கொள்ளும் ஏஜென்சிகள் உண்டு. அது சட்டவிரோதம். கணக்குப் புத்தகத்தில் ஏஜென்சிகளின் பெயர்கள் வரிசையாக இருக்கும். உங்கள் தொடர்பணிக்கு அதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

நான்காவது, ஒப்பீட்டு அட்டவணை. ஒரு பக்கம் இளநிலை உதவியாளரின் கடமைகள், மறுபக்கம் நீங்கள் செய்பவை. கல்வித் தகுதி, பொறுப்பு, வேலை நேரம் ஆகியவற்றையும் சேருங்கள். சம வேலை என்று மெய்ப்பிக்கும் சுமை ஊழியர் மீதே இருப்பதால், வழக்கின் வெற்றி பெரும்பாலும் இந்த ஒரு தாளைச் சார்ந்தது.

ஐந்தாவது, எழுத்துப்பூர்வ மனு. துறைத் தலைவர், மாவட்ட ஆட்சியர், ஏஜென்சி மூவருக்கும் ஒப்புகை அட்டையுடன் அஞ்சலில் அனுப்புங்கள். பதில் இல்லையெனில் அடுத்த வாயில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை மனு. குறைந்தபட்ச ஊதியமே கிடைக்காதவர்கள் தொழிலாளர் துறை அதிகாரியை அணுகலாம்.

காலம் தாழ்த்த வேண்டாம். ஊதியக் குறைவு தொடர்ந்து நிகழும் தவறு என்பதால் வழக்குத் தொடுக்கும் உரிமை அழிவதில்லை. ஆனால் தர்செம் சிங் வழக்கின் (2008) நெறிப்படி, நிலுவைத் தொகை பொதுவாக மனு தொடுத்த நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்கே கிடைக்கும். நம்மைச் சந்தித்த பெண்ணுக்கு அடிப்படை ஊதிய வேறுபாடு மட்டும் மாதம் 7,500 ரூபாய். மூன்று ஆண்டுகளுக்கு 2,70,000 ரூபாய். அதற்கு முந்தைய எட்டு ஆண்டுகளின் தொகையை அவர் ஏறத்தாழ இழந்துவிட்டார். இனித் தாமதிக்கும் ஒவ்வொரு மாதமும் மேலும் 7,500 ரூபாய் கைநழுவும்.

தனியாகக் கேட்பவரை மறுநாளே வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட முடியும் என்னும் அச்சம் நியாயமானது. ஆகவே கூட்டாகக் கேளுங்கள். நிரந்தர ஊழியர்களின் சங்கங்களும் இதைத் தங்கள் சிக்கலாகக் கருத வேண்டும். மலிவான உழைப்பு பக்கத்து மேசையில் இருக்கும்வரை அவர்களுடைய காலிப் பணியிடங்களும் நிரப்பப்படப் போவதில்லை.

அந்தப் பெண் முதல் சந்திப்பில் தமக்காக மட்டுமே பேசினார். இரண்டாம் முறை வந்தபோது அதே நிலையிலுள்ள ஐவரை அழைத்து வந்தார். அவர்களில் ஒருவர் வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து முதல் பேருந்தில் இறங்கி வந்த மலையாளி இளைஞர். மனுவில் அறுவரும் கையொப்பமிட்டனர். அதைத் தட்டச்சு செய்தவர் அவர்தான். நாம் திருத்த வேண்டிய பிழை ஒன்றுகூட அதில் இல்லை.